ஆணியில் மாட்டிய லிவர்

கோர்ட்டிலிருந்து ஆள் வந்தபோது அவள் தொட்டித் தண்ணீரில் பஞ்சரான டியூபை அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். புருஷனின் அப்பீலில் அவளை மறுபடி விசாரிக்க வேண்டுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

புருஷன் உள்ளே போய்ப் பதினாலு மாதமாகிறது. வீல் ஸ்பானரால் மச்சானை அடித்துத் தோள் எலும்பை முறித்ததற்கு மூன்று வருடம் போட்டிருந்தார்கள். அந்த மச்சான் வேறு யாருமில்லை, அவளோடு கூடப்பிறந்த அண்ணன். 'என் கண்ணால பார்த்தேன்' என்று கூண்டிலேறிச் சொன்னதும் அவள்தான்.

டயர் கடையைப் புருஷனும் அண்ணனும் சேர்ந்துதான் நடத்திவந்தார்கள். அன்று காலை அண்ணன் ஒரு காருக்குச் சக்கரம் மாட்டினான், நட்டை முழுசாக இறுக்காமலே அனுப்பிவிட்டான். நாலு தெரு தாண்டுவதற்குள் சக்கரம் கழன்று ஓடிவிட்டது. வண்டிக்குள் நிறைமாதக்காரி ஒருத்தி இருந்தாள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்காரர் வந்து கிழிகிழியென்று கிழித்துவிட்டுப் போனதும் மாமனும் மச்சானும் முட்டிக்கொண்டார்கள். அவள் பின்கட்டில் பஞ்சர் ஒட்டப் பட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் இரும்பு விழும் சத்தம் கேட்டது, அதை அடுத்து அண்ணனின் அலறல். ஓடிவந்து பார்த்தால் அண்ணன் கீழே கிடந்தான், புருஷன் கையில் ஸ்பானர் இருந்தது.

அண்ணனின் விரல்களுக்கடியில் ஜாக்கியை ஏற்றும் இரும்புக் கம்பி, லிவர், கிடந்தது, முழங்கை நீளத்துக்கு. அவனைத் தூக்கும்போது அவள் அதை உருவிச் சுவரில் வழக்கமான ஆணியில் மாட்டினாள். ஏன் மாட்டினோம் என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலம் போலீஸ் வந்து சுவரைப் பார்த்தபோது, அண்ணன் மேல் பழி வராமலிருக்கத்தான் என்று நன்றாகவே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "அவன்தான் மொதல்ல லிவரை ஓங்கினான்" என்று புருஷன் தலைபாடாக அடித்துக்கொண்டான். ஆணியில் தொங்கிய லிவரைக் காட்டிப் போலீஸ்காரர் சிரித்தார்.

அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் அண்ணன். கட்டுப் போட்ட தோளோடு அவன் வந்து, பார்த்ததாக ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டபோது அவளால் தட்ட முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவன் மறுபடி வந்தான். வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பாது. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கிக் குடித்தான்.

"போன தடவை சொன்னதையே சொல்லு. மாத்திப் பேசினா பொய்சாட்சின்னு உன்னையும் உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

லிவரைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. இத்தனை மாதத்தில் இரண்டு பேருமே அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

மறுநாள் கோர்ட்டில் புருஷனைப் பார்த்தாள். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இளைத்திருந்தான். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

புருஷனின் வக்கீலம்மா அவசரப்படாதவர். போலீஸிடம் அவள் முதலில் சொன்னதைப் படித்தார்: சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பிறகு விசாரணையில் சொன்னதைப் படித்தார்: ஓங்கி அடித்ததைப் பார்த்தேன். ஓடி வந்தவள் ஓங்கியதை எப்படிப் பார்த்திருக்க முடியும், இரண்டில் எது நிஜம் என்று கேட்டார்.

அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அண்ணன் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

"மொதல்ல சொன்னதுதாங்க. நான் பார்க்கல."

வக்கீலம்மா அதுவே போதும் என்று உட்கார்ந்துவிட்டார். அரசு வக்கீல் எழுந்து, ஜெயிலிலிருந்து யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, மிரட்டினார்களா என்று குடைந்து குடைந்து கேட்டார். புருஷனை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை என்றாள். உண்மையும் அதுதான். இறங்கலாம் என்றார் நீதிபதி.

அவள் இறங்கவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"இன்னொண்ணு இருக்குங்க ஐயா."

வக்கீலம்மாவே திரும்பிப் பார்த்தார். அவரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, இனி சொல்வது உன் மேலேயே வழக்காகத் திரும்பலாம், யோசித்துச் சொல் என்றார். யோசித்துவிட்டதாக அவள் சொன்னாள்.

"எங்கண்ணன் கைக்கடியில லிவர் கிடந்தது. எடுத்து ஆணியில மாட்டினது நான்தான்."

புருஷன் தலையைத் தூக்கினான். மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

தீர்ப்பு வர மூன்று வாரம் ஆயிற்று. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அடித்திருக்கிறான் என்பதற்கு இடமிருக்கிறது, தண்டனை செல்லாது என்று எழுதியிருந்தார் நீதிபதி. அதே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், பொய்சாட்சி சொன்னதற்கும் சாட்சியத்தை மறைத்ததற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவளைக் கேட்டிருந்தார். தானாக முன்வந்து சொன்னதால் பெரும்பாலும் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று வக்கீலம்மா தைரியம் சொன்னார். பெரும்பாலும் என்ற சொல்லை அவள் வீடு வரை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்தாள்.

ஜெயில் வாசலில் அவன் ஒரு பையோடு வெளியே வந்தான். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பாதி வழி தாண்டியதும் சொன்னான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உள்ளேயே போயிருக்க மாட்டேன்."

"ஆமாங்க."

ஏதாவது காரணம் சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். சொல்ல அவளிடம் காரணம் இருந்தது. அண்ணன் தோள் முறிந்து கிடந்ததைச் சொல்லலாம், அவன் வளர்த்ததைச் சொல்லலாம். அவன் உள்ளே கழித்த பதினாலு மாதத்துக்கு எதிரே எதுவும் நிற்காது என்று தோன்றியதால் சும்மா இருந்தாள்.

கொஞ்ச நாளைக்குக் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றான். சரி என்றாள். இறங்குமிடம் வந்தபோது அவன் முதலில் எழுந்தான், அவள் எழுந்து வரும் வரை படியருகே நின்றான்.