வயிற்றுக் காற்று

துளைவழி அறுவை சிகிச்சை ஐந்தாவது மணி நேரத்தைத் தொட்டபோது ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. மயக்க மருத்துவர் அதைப் படித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மேசையில் மயங்கிக் கிடந்த பஸ் டிரைவரின் இதயத் துடிப்புக் கோடு கூர்கூராக எழும்பியிருந்தது.

"தம்பி, பொட்டாசியம் ஆறரை. அமிலமும் ஏறுது. வயித்துக் காத்தை இறக்கு."

சர்ஜன் நிமிரவில்லை. "நாலே தையல்தான் அக்கா. காத்தை இறக்கிட்டா உள்ளே ஒண்ணும் தெரியாது."

"ஒரு மணி நேரமா இதையேதான் சொல்றே. நீ ஊதின கரியமில வாயு ரத்தத்துல ஊறிக்கிடக்கு. இதயம் நின்னுட்டா யாருக்குத் தைப்பே?"

நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தார். சர்ஜன் வயிற்றில் செருகியிருந்த குழாயின் வால்வைத் திறந்தார். உப்பியிருந்த வயிறு புஸ்ஸென்று அடங்கியது. மயக்க மருத்துவர் இதயத்தைக் காக்கக் கால்சியம் செலுத்தினார், பிறகு பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும். மூச்சு இயந்திரத்தின் வேகத்தையும் கூட்டினார்.

"சும்மா நிக்கறது கஷ்டமா இருக்குக்கா."

"படுத்திருக்கறவரே பொறுமையா இருக்கார். உனக்கென்ன?"

அரை மணி கழித்து வந்த சீட்டில் பொட்டாசியம் ஐந்து. கோடும் தணிந்திருந்தது.

"இப்ப ஊது. அழுத்தம் பத்தைத் தாண்டக் கூடாது."

"இடம் போதாதேக்கா."

"குறுகின இடத்துல தைக்கத் தெரியாதவன்கிட்டயா இவரை ஒப்படைச்சிருக்கு?"

சர்ஜன் அழுத்தத்தைப் பத்தில் நிறுத்தி ஊதிவிட்டு, ஊசியைக் கேட்டுக் கை நீட்டினார்.