மூக்கு ஊரில் இல்லாத நாள்

தையற்கடை மாடியில் வாரம் ஒருமுறை கூடுகிறவர்கள் மூன்றே பேர். கடைக்குச் சொந்தக்காரரான டெய்லர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், பக்கத்துத் தெரு சலூன்காரர். மூவருக்கும் ஒரே நோய், பார்க்கின்சன். கை தன்பாட்டுக்கு ஆடும், கால் சொன்ன பேச்சைக் கேட்காது, குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். முகத்துக்குச் சிரிக்க மறந்துவிட்டது. அதனால் சிரிப்பு வந்தால் மேசையைத் தட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். நடக்கும்போது யாராவது உறைந்து நின்றுவிட்டால் அடுத்தவர் குறுக்கே காலை நீட்டுவார். சமதரையில் நகராத கால், தாண்டுவதற்கு ஒன்று கிடைத்தால் எழுந்துவிடும். டாக்டர் இதற்கு நீளமாகக் காரணம் சொன்னார். "வீம்பு, வேறென்ன?" என்றார் சலூன்காரர்.

நாலாவதாக ஒரு ஆள் உண்டு. டெய்லரின் மனைவி. அவளுக்கு நோய் கிடையாது, வேலைதான் உண்டு. இந்த மூவரிடமிருந்தும் நோய் முதலில் பிடுங்கிக்கொண்டது வாசனையை. பால் கெட்டதா, துணி தீய்கிறதா, எல்லாம் அவள் சொன்னால்தான் தெரியும். "மூக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சலூன்காரர் நாற்காலியில் உட்காருவார்.

அன்று மூக்கு ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம். கிளம்பும்போதே, "நான் வர்ற வரைக்கும் கூட்டம் வேணாங்க" என்றாள். டெய்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க என்ன பச்சைக் குழந்தைங்களா? நீ இல்லாட்டி ஒரு டீ போட்டுக் குடிக்கக்கூடவா தெரியாது?" என்று கேட்டுவிட்டார். கேட்டாயிற்று, இனி டீ போட்டே ஆகவேண்டும்.

வெளியே மழை அடித்துப் பெய்தது. சன்னல்களை இறுகச் சாத்தியிருந்தார்கள். டீ போடுகிறேன் என்று சலூன்காரர்தான் ஒட்டினாற்போல் இருந்த சமையலறைக்குள் போனார். அடுப்பைத் திருகினார், லைட்டரை அழுத்தினார். கட்டைவிரலுக்கு அன்று மனசில்லை. எத்தனை முறை அழுத்தியும் பொறி வரவில்லை. மாத்திரை வேலை செய்யட்டும் என்று லைட்டரும் கையுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். திருகிய அடுப்பை மூட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அது உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வாடை வந்திருக்கும். வந்து என்ன பிரயோஜனம்?

"நேத்து ஒரு பழைய கஸ்டமர் வந்தான்," என்று ஆரம்பித்தார் சலூன்காரர். "உன் கைதான் வேணும், நீதான் ஷேவ் பண்ணணும்னு ஒரே அடம். சரின்னு கத்தியை எடுத்தேன். என் கையைப் பார்த்தான். 'அண்ணே, தாடி வளக்கலாம்னு இருக்கேன்'னு துண்டோட ஓடிட்டான்."

மூவரும் மேசையைத் தட்டினார்கள்.

"எனக்கு என்னமோ தலை சுத்துது," என்றார் டீச்சர்.

"புது மாத்திரைல அப்படித்தான் இருக்கும் டீச்சர். எனக்கும் நெத்திப்பொட்டு வலிக்குது," என்றார் டெய்லர். நல்ல உடம்புக்காரன் என்றால் என்னமோ ஏதோ என்று பதறி எழுந்திருப்பான். இவர்களுக்குத்தான் எது வந்தாலும் பழி போட நோய் ஒன்று கையோடு இருக்கிறதே! சன்னலைத் திறக்கலாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

சலூன்காரர் கையை நீட்டிப் பார்த்தார். ஆட்டம் குறைந்திருந்தது. "இப்ப கை கேக்குது. அப்ப அடுப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு என்ன அடி அடிச்சேன், பத்தவே இல்ல," என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனார்.

திறந்து வெச்சுக்கிட்டு.

டெய்லருக்கு அந்த வார்த்தை உறைத்தது. மூடினானா? சட்டென்று எழுந்தார். எழுந்த இடத்திலேயே கால் ஒட்டிக்கொண்டது. "தம்பி, நிறுத்து!" என்று கத்தினார். உதடுதான் அசைந்தது. வேறு வழியில்லாமல் மேசையை ஓங்கி ஓங்கித் தட்டினார். சிரிப்பென்று நினைத்து டீச்சரும் சேர்ந்து தட்டினார். "என் டீயை நினைச்சாலே சிரிப்பு வருதா உங்களுக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

டெய்லர் நிறுத்தாமல் தட்டினார். செத்தோம் என்றே நினைத்தார்.

டீச்சரின் கை நின்றது. "சிரிக்கிற மாதிரி யாரும் ஒண்ணும் சொல்லலையே?" என்று டெய்லரின் முகத்தைப் பார்த்தார். அதில் படிக்க எதுவும் இல்லை. கண் மட்டும் சமையலறையை விட்டு நகரவில்லை. டீச்சர் காரணம் கேட்கவில்லை. குறுக்கே காலை நீட்டினார்.

டெய்லர் தாண்டினார். தாண்டிய வேகத்தில் போய் சலூன்காரர் மேலேயே விழுந்து, லைட்டர் பிடித்த கையை இரண்டு கையாலும் பற்றினார். அந்தக் கட்டைவிரல் அழுத்தவே போயிருந்தது. இப்போது மூன்று கைகளும் சேர்ந்து ஆடின, நடுவில் லைட்டர்.

"என்ன மாஸ்டர், அவ்வளவு அவசரமா?"

அவர் காதோடு வாயை வைத்து டெய்லர் சொன்னார். "கேஸ்."

சலூன்காரர் கட்டைவிரலை மெல்ல, மிக மெல்ல விலக்கினார்.

அடுப்பை மூடி, சன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் மூவரும் வெளிமாடிப் படிக்கு வந்து நனைந்தபடி நின்றார்கள். இரும்புக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்கள். டெய்லரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"என்னங்க, கூட்டம் நடக்குதா?" மனைவிதான். "ஓ, தட்டுற சத்தம் கேக்குதே! சிரிச்சுக்கிட்டு இருக்கீங்களா? இப்பதாங்க எனக்கு நிம்மதி."

யாரும் தட்டவில்லை. மூன்று பேரின் கையும் மோதிரமும் அந்த இரும்பில் தாமாக அடித்துக்கொண்டிருந்தன.

"சிரிக்கல," என்றார் டெய்லர். "நீ இல்லாம முடியல. வந்துடு." ரோஷத்தை எல்லாம் விழுங்கிவிட்டுத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரல் அவர் மீசையைக்கூடத் தாண்டவில்லை.

"ஒண்ணுமே கேக்கலைங்க. சரி, நீங்க டீ குடிங்க, நான் வெச்சுடறேன்."

போன் கட்டாகிவிட்டது. இன்று ராத்திரி மூவரும் அவரவர் வீட்டு அடுப்புக்குத்தான் திரும்ப வேண்டும்.

"திரும்பக் கூப்பிடுங்க," என்றார் டீச்சர். "மூணு பேரும் சேர்ந்து சொல்லுவோம்."

டெய்லரின் விரல் அவள் நம்பரில் படாமல் விலகி விலகிப் போனது. சலூன்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் மூவரும் ஒன்றாக மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.