தனித் தட்டும் தனித் தம்ளரும்

சோதனைக் குழாய் குழந்தைக்கான சிகிச்சை தொடங்கும் முன் கணவன், மனைவி இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கணவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்று முடிவு வந்தது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ். லிஃப்ட் பழுது பார்ப்பவர், மாடாய் உழைக்கிற உடம்பு, ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. மனிதர் இடிந்து போனார்.

"பிறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். வேற கெட்ட அர்த்தம் எதுவும் இல்ல" என்று மருத்துவமனையில் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வீட்டில் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர் பிரித்து வைத்தார். பாயைக் கூடத்துக்கு நகர்த்தினார்.

அவர் மனைவி பியூட்டி பார்லர் நடத்துகிறவள். ஊர்வாயையே சமாளிக்கிறவள் இந்த ஒதுங்கலை எத்தனை நாள் பொறுப்பாள்?

"ஏங்க, நான் என்ன வாடகைக்கா குடியிருக்கேன்? எதுக்கு இந்தப் பாகப்பிரிவினை?"

"உனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா? பிள்ளையே வேணாம்னு விட்டுடலாம்மா."

"ஒட்டிக்கிற ஆளுதான் நீங்க! இவ்வளவு வருஷம் ஒட்டாதது இப்பவா ஒட்டப் போகுது?" என்றவள், அவர் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "சாப்பாட்டுல, தட்டுல எல்லாம் இது பரவாது சார். ரத்தத்துல பரவும், தாம்பத்தியத்துல பரவும். ஆனா உங்க மிஸஸுக்கு எதிர்ப்புச் சக்தி நல்லாவே இருக்கு."

"பார்லர் வேலை பழகும்போது எல்லாருக்கும் இதுக்குத் தடுப்பூசி போட்டாங்க டாக்டர். கை வீங்கி ஒரு வாரம் அழுதேன்."

"அந்த அழுகைதான் காப்பாத்தியிருக்கு. கல்லீரலுக்கு அப்பப்போ டெஸ்ட் பண்ணிக்கணும். குழந்தை பிறந்ததும் அதுக்கும் தடுப்பூசி போட்டுடுவோம்."

முதல் முறை கரு தங்கவில்லை. "என் ரத்தம்தான் காரணம்" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த வைரஸ் இல்லாதவங்களுக்கும் முதல் தடவை தவறும் சார். அதுமேல பழியப் போடாதீங்க. இன்னொரு தடவை பார்ப்போம்." எதையும் உறுதி சொல்லாத அந்தப் பேச்சே அவருக்கு ஏனோ தெம்பாக இருந்தது. அன்றைக்குத்தான் பாய் மறுபடி உள்ளறைக்குப் போனது.

இரண்டாம் முறையின் முடிவு வரும் நாளில் அவர் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்ட் மேல."

"முதல்ல கீழ இறங்குங்க. அப்புறம் சொல்றேன்."

"ஏய், விளையாடாத!"

"இறங்குங்கன்னா!"

இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். "இறங்கிட்டேன்... சொல்லும்மா."

"தங்கியிருக்குங்க." அவர் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பு.

காய்கறிப் பையோடு படியேறி வந்த ஒரு பெரியம்மா அவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். "என்னப்பா, லிஃப்ட் சரியாயிடுச்சா?"

"எல்லாம் சரியாயிடுச்சும்மா!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் அவர்.

அந்த அம்மா நம்பிப் போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். மின்சாரத்தையே இன்னும் போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வர, "கொஞ்சம் இருங்கம்மா, இதோ!" என்று இரண்டிரண்டு படியாகத் தாவி, சுவிட்ச் இருக்கும் மொட்டைமாடி அறைக்கு ஓடினார்.