இரண்டு முட்டியும் ஒரே மூச்சில்

ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், இரண்டு முட்டியையும் ஒரே ஆபரேஷனில் மாற்றச் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. டாக்டர் நயமாகத்தான் சொல்லிப் பார்த்தார். "உங்க இதயம் ரெண்டையும் ஒண்ணா தாங்குமான்னு யோசனையா இருக்கு. இப்ப வலது முட்டி. இடதை அப்புறம் பாத்துக்கலாம்."

"பண்ணா ரெண்டும். இல்லன்னா எதுவும் வேணாம்."

என் வீட்டுக்காரர் எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். சொன்ன சொல்லில் ஒரு கிராம் குறைக்க மாட்டார். அதோடு விட்டாரா? "அப்புறம் மூணு மாடி ஏறலாமா?" என்று டாக்டரை நச்சரித்தார்.

எங்கள் வீடு தரைத்தளம். யார் வீட்டு மாடிக்கு இந்தத் துடிப்பு? அவரோடு வேலை பார்த்த டைப்பிஸ்ட் அம்மாள்மீது சந்தேகம் போனது. நைசாக விசாரித்தேன். அவளும் தரைத்தளம்தான். மூன்றாம் மாடியில் இருப்பது எங்கள் மகள். ஆனால் அவள் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர் இவர், காதல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று. அதனால் அவளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

போர்வையை நீவிக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நம்ம பொண்ணுகிட்ட, இந்த ரெண்டு காலும் உன் வீட்டுப் படி ஏறாதுன்னு சொல்லிட்டேன். ஒண்ணை மட்டும் மாத்தினா, இன்னொண்ணு அதே பழைய காலுதானே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்கா உயிரைப் பணயம் வைக்கறீங்க? அதைச் சொன்னது உங்க வாய். முதல்ல அதை மாத்தச் சொல்லுங்க!"

அவர் எதிரிலேயே மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். வந்தவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்பா, வலது மட்டும் பண்ணிக்கோங்க. உங்களை நாற்காலியில உக்கார வச்சு நானும் அவரும் மேல தூக்கிட்டுப் போறோம். உங்க கால் ஒரு படியிலயும் படாது. உங்க சொல்லும் நிக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டர் வந்தபோது, "வலது மட்டும் போதும்," என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டேன்.

டாக்டர் தலை மறைந்ததும், இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார், அதுவும் சந்தேகத்தோடு.

"அவன் என்னைக் கீழ போட்டுட மாட்டானே?"