பெட்டிக்கடையில் பிறந்த கம்பெனி

நாற்பது வயதானால் மனிதருக்குச் சர்க்கரை வரும். கம்பெனிக்கு வரலாறு வரும். வைட்ஷெல் கம்பெனிக்கும் வந்தது. கேமரா, டிரோன், ஆஸ்பத்திரிக் கருவி எதுவானாலும் உடையாமல் போய்ச் சேரப் பெட்டி செய்கிற கம்பெனி. 'நாங்கள் பெட்டி செய்வதில்லை, நம்பிக்கையை வடிவமைக்கிறோம்' என்று பீன்யா தொழிற்பேட்டை ஆலை வாசலில் எழுதி வைத்திருந்தார் நிறுவனர் வைத்தீஸ்வரனின் மகனும் நிர்வாக இயக்குநருமான ரகுராம். உள்ளே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பெட்டிதான் செய்துகொண்டிருந்தார்கள்.

வரலாறு எழுத கோயம்புத்தூரிலிருந்து கிருத்திகா வந்தாள். பதவியின் பெயர் 'தலைமைக் கதைசொல்லி'. பிரேசர் டவுனுக்குப் போய் ஆஞ்சலாவைப் பார்த்தாள். கம்பெனியின் முதல் பெட்டியைச் செய்த சூசைநாதனின் மகள் ஆஞ்சலா.

"எங்கப்பா பெட்டிக்கடை வெச்சிருந்தாரும்மா. உங்க பெரிய முதலாளி வைத்தீஸ்வரன் அங்கதான் வந்தாரு. அப்பா பேரு புக்ல வருமில்ல?"

"கண்டிப்பா வரும் மேம்."

ஆஞ்சலா வீட்டில் பெட்டிக்கடை என்றால் சவப்பெட்டி செய்கிற கடை. கிருத்திகா ஊரில் பெட்டிக்கடை என்றால் பீடி, வாழைப்பழம், டீ. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான்.

நாற்பதாம் ஆண்டு விழாவன்று கார் அனுப்பி ஆஞ்சலாவை அழைத்து வந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் தகரத்தில் ஒரு கடை. வாழைத்தார், கடலை மிட்டாய், கொதிக்கும் பால். மேலே, 'சூசை டீ ஸ்டால்: ஒரு கனவு பிறந்த இடம்'.

"யாரும்மா இந்த சூசை?"

"உங்கப்பாதான் மேம்!" கிருத்திகாவின் முகமெல்லாம் பெருமை. "வைத்தீஸ்வரன் சார் டீ குடிக்கிறப்ப கிளாஸ் விழுந்து உடைஞ்சுது. அப்பத்தான் அவருக்கு ஐடியா வந்துச்சு."

"உனக்கு யாரு சொன்னா?"

"அது... நாங்க டெவலப் பண்ணது."

"எங்கப்பாவுக்குச் சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது. சவப்பெட்டி செஞ்சாரும்மா அவரு! பொணம் வெக்கிற பெட்டி!"

கிருத்திகா ஓடிப்போய் ரகுராமை அழைத்து வந்தாள். அவர் அதிர்ச்சியடையவில்லை. ஆஞ்சலாவுக்குக் கோபம் தலைக்கேறியது அதனால்தான்.

"தெரியும் ஆன்ட்டி. புக்கைப் படிச்சப்பவே கவனிச்சேன். ஆனா டீக்கடைன்னா ஒரு ஃபீல் இருக்கு. நம்ம கஸ்டமர்ல பாதி ஆஸ்பத்திரிங்க. அவங்ககிட்ட போய்ச் சவப்பெட்டின்னா?"

"ஏன், எங்க கடைக்கு ஆள் அனுப்புனதே அவங்கதான?"

"ஆன்ட்டி, ப்ளீஸ்..."

"லாரில போய் உடைஞ்ச சர்வே மெஷினைத் தூக்கிட்டு உங்கப்பா அலைஞ்சாரு. எங்கப்பாதான் தேங்கா நாரைத் திணிச்சு, சாட்டின் துணி தைச்சு, பொணத்துக்குப் போடுற அதே மெத்தையப் போட்டுக் குடுத்தாரு. 'செத்தவங்களையே நோகாம அனுப்புறவன் சாமி நான், உன் மெஷினுக்கு நோகுமா?'ன்னாரு. அந்த மெத்தைலதான்டா உங்க குடும்பமே படுத்துத் தூங்குது!"

ரகுராம் குரலைத் தணித்தார். "அடுத்த எடிஷன்ல 'இறுதிப் பயணத் தீர்வுகள்'னு போட்டுடலாம்."

"தீர்வா? செத்தவனுக்கு என்னடா தீர்வு?"

அதற்குள் மேடையில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். "தேநீர் விற்ற ஓர் எளிய மனிதரின் மகள்!" என்று உருகினாள் தொகுப்பாளினி சிந்து. சால்வை விழுந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் மைக்கைப் பிடுங்கினாள் ஆஞ்சலா.

"எங்கப்பா சூசைநாதன் டீ விக்கல. சவப்பெட்டி செஞ்சாரு."

"அம்மா ரொம்ப எமோஷனலா இருக்காங்க," என்று சிரித்தாள் சிந்து.

"புரியலையா? கன்னடத்துல ஷவபெட்டிகெ. இங்கிலீஷ்ல காஃபின். இன்னும் எந்த பாஷைல வேணும்? வைத்தி அங்கிள், முன்னாடிதான உக்காந்திருக்கீங்க. எழுந்து சொல்லுங்க!"

வைத்தீஸ்வரன் எழுந்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொழில் முன்னோடி, விருதுகள் பல பெற்றவர், சபைக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ரகுராம் கையைக் காட்டினார். மைக் செத்தது. அடுத்த நிகழ்ச்சிப் பாட்டு அலறியது. பட்டுப் பாவாடைப் பெண்கள் எட்டுப் பேர் மேடையேறி, நடுவில் ஓர் அம்மாள் நிற்பதைப் பார்த்து விழித்து, வேறு வழியில்லாமல் அவளைச் சுற்றியே ஆடத் தொடங்கினார்கள்.

ஆஞ்சலா இறங்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. சூசைநாதன். சவப்பெட்டி. சூசைநாதன்.

பின்வரிசையில், ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பாட்டை நிறுத்துங்கப்பா! அந்தம்மா என்னமோ சொல்லுது!"

அப்புறம் பத்துக் குரல். அப்புறம் யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை.

பாட்டு நின்றது. ஆஞ்சலா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.