சந்துப் பக்கத்து ஜன்னல்

பங்குனி பிறந்ததுமே லோகப்பிரியா வீட்டை வெயிலுக்குத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டாள். சோமனூரில் அவர்களுடைய வீடு மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் முன்னறைச் சுவரில் கை வைக்க முடியாது. போன வருடம் மகள் மௌனிகாவின் முதுகெல்லாம் வேர்க்குரு. தூக்கம் இல்லாமல் குழந்தை அழுதுகொண்டே இருந்தாள். இந்த வருடம் அப்படி ஆகக்கூடாது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வேலைகளை எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வந்தாள். மொட்டை மாடிக்கு வெள்ளை பெயிண்ட், தண்ணீர்த் தொட்டியின் மேல் தென்னங்கீற்று, ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. கடைசி வரியில் ஏசி.

மாட்ட வந்த மெக்கானிக் ஜபருல்லா வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, வெளி யூனிட்டை எங்க வெக்கறது? முன்னாடி வெச்சுறலாங்களா?"

"முன்னாடி வேண்டாங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சு ஊடு பாக்கற மாதிரி இருக்குது," என்றான் கணவன் கவின். "சந்துல வெச்சுருங்க."

"சந்துன்னா பக்கத்தூட்டு ஜன்னலுக்கு நேரா வருதுங்களே?"

லோகப்பிரியா சிரித்தாள். "தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்த ஊருங்க இது. இந்தச் சத்தம் அவுங்களை என்ன பண்ணிப்போடும்?"

அவள் சொன்னது பொய்யில்லை. தறி ஓடும்வரை அந்த ஊர் அயர்ந்து தூங்கும். தறி நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து, "என்னாச்சு, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்கும். ஜபருல்லா சந்திலேயே மாட்டிவிட்டுப் போனார்.

சந்து மூன்றடி அகலம். அதற்கப்பால் நிஜாமும் அவர் மனைவி நஸ்ரியாவும் குடியிருந்த ஒற்றை அறை. அதற்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். நிஜாமுக்குத் தறியில் இரவு ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார்.

சித்திரை மதியங்கள் லோகப்பிரியாவுக்குக் கனவு போலக் கழிந்தன. தட்டியின் வழியே வெளிச்சம் தேன் நிறத்தில் இறங்கும். வெட்டிவேர் மணக்கும். மௌனிகாவின் முதுகு வழுவழுவென்று இருக்கும். எங்கோ ஓடும் தறிகள் மழை பெய்வது போலக் கேட்கும். கண் செருகும் நேரத்தில், எதிர் ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்குவது தட்டியின் இடுக்கில் தெரியும். 'அவர்களும் வெயிலுக்குத் தயாராகிவிட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

ஒருநாள் குழாயடியில் நிஜாமைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, கண்ணெல்லாம் இப்படிச் செவந்து கெடக்குது?"

"வெய்யக் காலமுங்க, அப்படித்தான் இருக்கும்," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்திய நாள் ஒன்று வந்தது. தறிகள் ஓய்ந்தன, ஏசியும் நின்றது. ஊரின் காதை யாரோ பொத்தியது போல ஓர் அமைதி. விழித்துக்கொண்ட மௌனிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லோகப்பிரியா சந்துக்கு வந்தாள். எதிர் ஜன்னலில் சாக்கு இல்லை. திறந்து கிடந்த ஜன்னலுக்குப் பின்னால் நிஜாம் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நஸ்ரியா உதட்டில் விரல் வைத்தாள்.

"மெல்லப் பேசுங்கக்கா. பத்து நாளைக்கப்பறம் இன்னிக்குத்தான் தூங்கறாரு."

"தறி நின்னா ஊரே முழிச்சுக்கும். இவரு இப்பத்தான் தூங்கறாரா?"

நஸ்ரியா தயங்கினாள். "கரண்ட் போனாத்தானுங்கக்கா ஜன்னலைத் தொறக்க முடியுது."

லோகப்பிரியா யூனிட்டைப் பார்த்தாள். அது நின்று நேரமாகியும் எதிர்ச் சுவரில் சூடு தணியவில்லை.

"ஏன் அம்மணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"பாப்பாவுக்கு வேர்க்குருன்னு போட்டிருக்கீங்க. அதைப் போயி எப்படிங்க நிறுத்தச் சொல்றது?" நஸ்ரியாவின் குரல் இறங்கியது. "முந்தாநேத்து ஓடற தறி மேலயே சாஞ்சுட்டாருங்க. பக்கத்துல இருந்தவரு இழுக்கலைன்னா கையே போயிருக்கும். இன்னொருக்கா கண்ணசந்தா வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு முதலாளி."

சாயங்காலம் லோகப்பிரியா பேச்சை எடுத்தபோது கவின் முகம் சுளித்தான். "அவுங்களே ஒண்ணும் சொல்லுல. உனக்கென்ன?"

அவள் ஏசியை ஓடவிட்டு அவனைச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அஞ்சு நிமிசம் இங்க நில்லுங்க." இரண்டாவது நிமிடமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "போதும் போதும்," என்று வெளியே வந்தவன் தானாகவே ஜபருல்லாவுக்கு போன் செய்தான்.

யூனிட் மொட்டை மாடிக்கு ஏறியது.

"அன்னிக்கே கேட்டனுங்களே," என்றார் ஜபருல்லா.

"நீங்க வெக்கையைக் கேட்டீங்க. நான் சத்தத்துக்குப் பதில் சொல்லிப்போட்டேன்," என்றாள் லோகப்பிரியா.

பைப் நீண்டதால் அறை குளிரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் எதிர் ஜன்னலில் சாக்கு மறைந்து, ஒரு பூப்போட்ட திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

அடுத்த வாரம் ஒரு மதியம் திடீரென்று மின்சாரம் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சந்துக்கு அப்பாலிருந்து தூக்கம் கலைந்த நிஜாமின் குரல் கேட்டது: "என்னாச்சு, கரண்ட் போயிருச்சா?"

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விசிறியை எடுத்து மகளுக்கு வீசிக்கொண்டே கவினிடம் சொன்னாள்:

"கேட்டீங்களா? அந்தண்ணன் மறுபடியும் நம்மளாட்டத் தூங்கறாரு. நம்ம வெக்கையை அடுத்த ஊட்டுக்குத் தாட்டி உட்டுப்போட்டு, நம்ம ஊடு குளுந்துருச்சுன்னு சொல்லக்கூடாதுங்க. வெக்கை எங்க போயி எறங்குதுன்னு பாத்துப்போட்டுத்தான் குளுமையைத் தேடோணும்."