தூணில் தேய்த்த கத்தி

கொக்கு அந்த மாதம் ஆறு தடவை விரலை வெட்டிக்கொண்டான். என் மனைவி வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்ல, கணக்கு வைத்துக்கொண்டே வந்தேன்.

மூவருக்கும் ஒரே பார்சல் கிடங்கு. எனக்கு இரவு ஷிப்ட். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. அவள் பகலில் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் காலையில் விட்டுப் போகும் மேஜையில் பகல் முழுக்க நிற்பவன் கொக்கு. கழுத்தும் காலும் நீளம், அதனால் அந்தப் பேர்.

அவனிடம் சொந்தமாக ஒரு மடக்குக் கத்தி உண்டு. தினமும் சாயங்காலம் கல்லில் தீட்டி டிராயரில் வைத்துவிட்டுப் போவான். பேச்சு சுவாரசியத்தில் பெட்டிகளைக் கட்டிய நாடாவைத் தன் பக்கமாக இழுத்து வெட்டுவான். விரலும் சேர்ந்து வெட்டுப்படும்.

"அவன் காயம் கோடு போட்ட மாதிரி இருக்குங்க. கழுவி, ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, ஒரு பிளாஸ்திரி. முடிஞ்சுது" என்றாள் ஒரு நாள்.

"ரெண்டு நிமிஷமும் நீதான் பிடிப்பியா?"

"பின்ன, வாட்ச்மேனா வந்து பிடிப்பாரு?"

சிரித்தாள். நான் தூங்கும்போது அவள் வேலையில், அவள் தூங்கும்போது நான் வேலையில். என் கையை அவள் கடைசியாக எப்போது பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கொக்கு என்னை அண்ணே என்பான். அவளை ஒரு நாளும் அண்ணி என்றதில்லை. டாக்டரம்மாவாம்.

கத்தி கூராக இருப்பதால்தானே வெட்டுகிறது? ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் அவன் கத்தியை எடுத்து, சிமெண்டுத் தூணின் விளிம்பில் இருபது முறை தேய்த்தேன். கட்டைவிரலில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. இனி எதைக் காட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போவான்? கத்தியை டிராயரில் வைத்துவிட்டு, பக்கத்து மேஜையில் டீயோடு உட்கார்ந்தேன்.

கொக்கு வந்து முதல் பெட்டியின் பிளாஸ்டிக் நாடாவில் கத்தியை வைத்தான். அறுபடவில்லை.

"என்ன எழவு இது, மக்கர் பண்ணுது" என்று முழு பலத்தையும் போட்டு அழுத்தினான். கத்தி நாடாவில் வழுக்கி, இடது உள்ளங்கையில் இறங்கியது.

அருகில் நான் மட்டும்தான். சுத்தமான துணி ஒன்றை எடுத்து, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். அவன் அலறல் கேட்டு என் மனைவி முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தாள்.

"கையை மேல தூக்கிப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. பத்து நிமிஷம் அப்படியே."

துணி நனைந்தது. அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்தாள்.

"பிடி செம ஸ்ட்ராங்குண்ணே. காயத்துல சாகலைன்னாலும் இதுல செத்துருவேன்" என்றான். முகம் வெளுத்திருந்தது.

"வாயை மூடுடா, லூசு" என்றாள். அவள் குரலில் இருந்த அக்கறை அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

ரத்தம் மட்டுப்பட்டதும் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"தையல் போடணும். ஆனா இது வெட்டு மாதிரி இல்லையே, கிழிச்சு வெச்சிருக்கு." கட்டுப் போட்டு, கையைத் தூக்கிப் பிடிக்க என்னிடம் விட்டுவிட்டு, கத்தியை எடுத்து நகத்தால் விளிம்பைத் தடவினாள். "இதை யாரு இப்படி ஆக்குனது?"

"நேத்து சாயங்காலம்தான் தீட்டி வெச்சேன் டாக்டரம்மா."

ராத்திரி அந்த மேஜையில் இருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள்.

"மொக்கையா இருந்தா வெட்டாதுன்னு நினைச்சேன்" என்றேன்.

"மொக்கைக் கத்தியைத்தான் முட்டி மோதி அழுத்துவாங்க. அதான் ஆளைச் சாய்க்கும்." கத்தியை மேஜையில் வைத்தாள். "அவனுக்கு வெட்டுப்படக்கூடாதுன்னு நினைச்சீங்களா? இல்ல, அவன் என்கிட்ட வரக்கூடாதுன்னா?"

கொக்கு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தத் தடவை ஜோக் எதுவும் வரவில்லை.

வாட்ச்மேன் கூப்பிட்ட வண்டி வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரி வரை அவன் கையை யாராவது தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். நான் எழுந்தேன்.

"நீங்க விடுங்க."

கட்டுப் போட்ட கையிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்த இடத்தில் தன் விரல்களை வைத்துக்கொண்டாள். இருவரும் பின் சீட்டில் ஏறினார்கள்.

"சாயங்காலம் வர்றேன், பேசணும். தூங்கிடாதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.